மிதவைப் புள்ளி: மிதப்பது எது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

கேள்வி, பிப்ரவரி 3
"கணினியில் ஃபுளோட்டிங் பாயின்ட் (மிதவைப் புள்ளி) என்றால் தசம எண், அவ்வளவுதானே? முழு எண் என்றால் இன்ட், புள்ளி வைத்த எண் என்றால் ஃபுளோட். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதைக் காட்டி, புள்ளி மிதப்பதால்தான் இந்தப் பிழை என்றார்கள். அப்படியா? புள்ளி எதில் மிதக்கிறது?"

பிப்ரவரி 3, இரவு
இரண்டு கூற்றுமே சரியில்லை. முதலாவதை முதலில் பார்ப்போம்.

எட்டு கட்டம் வரைந்துகொள்ளுங்கள். நாலாவது கட்டத்துக்குப் பிறகு ஒரு புள்ளி, அதை நகர்த்தக் கூடாது என்று வைத்தால் 12.5 என்பது 0012.5000 ஆகும். 123000 கட்டத்துக்குள் அடங்காது. 0.0000123 போட்டால் எல்லாக் கட்டமும் சுழியாகிவிடும், எண்ணே காணாமல் போகும். இதுதான் நிலைப் புள்ளி. இப்போது அதே எட்டில் ஆறு கட்டத்தை இலக்கங்களுக்கும் மீதி இரண்டைப் 'புள்ளி எங்கே' என்ற தகவலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். 123 என்ற இலக்கங்கள் அப்படியே இருக்க, புள்ளி மட்டும் வலப்பக்கமோ இடப்பக்கமோ போகலாம். 123000, 1.23, 0.0000123 எல்லாம் ஒரே அளவு இடத்தில், ஒரே அளவு துல்லியத்தோடு உட்காரும். மிதப்பது அந்தப் புள்ளிதான், இலக்கங்களுக்கு நடுவே. எண் மிதக்கவில்லை, பிழையும் மிதக்கவில்லை.

ஆகவே ஃபுளோட்டுக்கு எதிர்ப்பதம் முழு எண் அல்ல, நிலைப் புள்ளி. 5 என்ற முழு எண்ணை ஃபுளோட்டாக வைக்கலாம். 12 ரூபாய் 50 காசை ஃபுளோட்டே இல்லாமல் 1250 காசு என்று வைக்கலாம். 'புள்ளி வைத்த எண்' என்ற விளக்கத்தோடு படிப்பை முடிக்கிற பிள்ளைகள்தான் வேலைக்கு வந்ததும் பணத்தை ஃபுளோட்டில் வைக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை
இரண்டாவது கூற்று. 0.1 + 0.2 விவகாரத்துக்கும் மிதப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

பத்தில் ஒன்றை, கணினி பயன்படுத்தும் இரண்டடிமானத்தில் (0, 1 மட்டுமே உள்ள பைனரி) எழுதினால் 0.000110011001100… என்று முடிவில்லாமல் போகும். சுருக்கிய பின்னத்தின் கீழே இரண்டைத் தவிர வேறு பகாக் காரணி இருந்தால் அது முடியவே முடியாது. பத்தில் ஐந்து இருக்கிறதே. நாம் எழுதும் பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்று 0.333… என்று ஓடுவதும் இதே காரணத்தால்தான். எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டினால் கொஞ்சம் குறையும் அல்லது கூடும். புள்ளியை ஆணி அடித்து நிறுத்தினாலும் இது நடக்கும்.

இதற்கு நேரடிச் சான்றும் உண்டு. மிதவைக் கணக்குக்குப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வகுத்த 754 தரநிலையின் 2008 பதிப்பில் பத்தடிமான மிதவைப் புள்ளி சேர்க்கப்பட்டது. அதில் புள்ளி தாராளமாக மிதக்கும், 0.1 + 0.2 சரியாக 0.3 வரும். குற்றவாளி அடிமானமும் இடப் பற்றாக்குறையும்தான்.

பிப்ரவரி 4, மதியம்
"அப்படியானால் எந்தப் பின்னம்தான் இரண்டடிமானத்தில் துல்லியமாக நிற்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பதில் நம் தாத்தா காலத்துச் சில்லறையிலேயே இருக்கிறது. ரூபாய்க்கு 16 அணா. அணா என்றால் பதினாறில் ஒன்று, காலணா என்றால் அறுபத்து நாலில் ஒன்று. இரண்டும் இரண்டின் அடுக்குகள், ஒரு துளி பிசகாமல் நிற்கும். தம்பிடி வந்தால்தான் சிக்கல், அணாவுக்கு 12 தம்பிடி என்பதால் கீழே மூன்று வந்துவிடும். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்து ரூபாய் நூறாகப் பிரிந்த பிறகு துல்லியமாக நிற்பவை 25, 50, 75 காசு மட்டும்தான். மற்ற 96 சில்லறைத் தொகைகளும் இரண்டடிமான ஃபுளோட்டில் தோராயம்.

பழைய பின்ன வாய்பாட்டிலும் இதே பிரிவினைதான். கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி எல்லாம் துல்லியமாக நிற்கும். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றில் ஐந்து ஒளிந்திருப்பதால் மூன்றும் முடிவில்லாமல் ஓடும்.

பிப்ரவரி 6
பெயர் எங்கிருந்து வந்தது என்ற பாதியை இன்னும் தொடவில்லை. "1985-ல் ஐஇஇஇ கண்டுபிடித்தது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இல்லை. 1985-ல் நடந்தது ஒழுங்குபடுத்தல். யோசனை அதற்கு வெகு முந்தியது.

ஸ்பெயின் பொறியாளர் லியோனார்டோ டொர்ரெஸ் கெவெதோ, எண்ணை இலக்கங்களாகவும் பத்தின் அடுக்காகவும் பிரித்து இயந்திரத்தில் வைக்கலாம் என்று 1914-லேயே எழுதினார். அதைச் செய்துகாட்டியவர் கொன்ராட் சூசே. பெர்லினில் பெற்றோர் வீட்டின் கூடத்தில் உலோகத் தகடுகளை வைத்து அவர் கட்டிய இசட்1 என்ற கணிப்பொறி 1938-ல் முடிந்தது. அடுத்து ரிலேக்களால் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) ஆன இசட்3, 1941 மே மாதம். ஒரு எண்ணுக்கு 22 பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்): குறிக்கு 1, அடுக்குக்கு 7, இலக்கங்களுக்கு 14. முடிவிலியையும் வரையறையற்ற விடைகளையும் தனியாக அடையாளம் கண்டு கையாளும் ஏற்பாடும் அதிலேயே இருந்தது. போர் நடுவே, தனி ஆளாக இவ்வளவு தூரம் யோசித்த மனிதர் அதை 'மிதவை' என்று அழைக்கவில்லை, 'அரை மடக்கை' (மடக்கை என்றால் லாகரிதம்) முறை என்றார். பாதி மடக்கை, பாதி சாதாரண எண் என்பதால் அது பொருத்தமான பெயரும்கூட. இசட்3 1943-ல் குண்டுவீச்சில் அழிந்தது. பிற்காலத்தில் செய்த மறுஉருவம் மியூனிக் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது.

'மிதக்கும் புள்ளி' என்ற பேச்சு அமெரிக்கப் பக்கத்தில் 1940-களில் வழக்குக்கு வந்தது. பெல் ஆய்வகத்தின் ரிலே இயந்திரமான மாடல் 5-ல் (1946) மிதக்கும் தசமப் புள்ளி இருந்தது. அதே 1946-ல் கணினி முன்னோடிகளான பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் மூவரும் பிரின்ஸ்டனில் கட்டவிருந்த கணினிக்கான அறிக்கையில் 'மிதக்கும் இரண்டடிமானப் புள்ளி'யை எடுத்து ஆராய்ந்து, வேண்டாம் என்று ஒதுக்கினார்கள்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து
அந்தக் காலத்து ஆட்களுக்கு 'மிதக்கிறது' என்ற சொல் ஏன் விளக்கமே தேவையில்லாமல் புரிந்தது என்பதற்கு, கால்குலேட்டருக்கு முன் பெருக்க, வகுக்கப் பயன்பட்ட நகரும் அளவுகோலான ஸ்லைடு ரூலைப் பாருங்கள். அதில் 2-ஐ 3-ஆல் பெருக்கினாலும் 200-ஐ 0.03-ஆல் பெருக்கினாலும் கை ஒரே இடத்துக்குத்தான் போகும், 6 என்று காட்டும். புள்ளியை எங்கே வைப்பது என்பது பயன்படுத்துபவர் தலையில் இருந்தது.

பாபிலோனியர்களும் அப்படித்தான். யேல் பல்கலைக்கழகச் சேகரிப்பில் ஒய்பிசி 7289 என்ற களிமண் பலகை இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதில் ஒரு சதுரம், அதன் மூலைவிட்டங்கள். பக்கத்தில் 30 என்று ஒரு எண், மூலைவிட்டத்தின் மேல் 1 24 51 10, கீழே 42 25 35. அறுபதடிமானம். புள்ளி எங்குமே கிடையாது. முதல் இலக்கத்துக்குப் பிறகு புள்ளி வைத்துப் படித்தால் மேலே இருப்பது 1.41421296, இரண்டின் வர்க்கமூலம். கீழே இருப்பதை 42-க்குப் பிறகு புள்ளி வைத்துப் படித்தால் பக்கம் 30 உள்ள சதுரத்தின் மூலைவிட்டம், முன்னால் வைத்துப் படித்தால் பக்கம் அரையாக உள்ள சதுரத்தின் மூலைவிட்டம். அறுபதில் 30 என்பது அரைதானே! இரண்டு வாசிப்பும் சரி. எனக்கு இந்தப் பலகைமேல் தனிப் பிரியம். அடுக்கை எழுதாமல் விட்ட மிதவைப் புள்ளி இது, மூவாயிரத்து அறுநூறு ஆண்டுக்கும் மேல் பழையது.

பிப்ரவரி 9
"மாண்டிசா என்று ஒரு பாடத்தில், சிக்னிஃபிகண்ட் என்று இன்னொன்றில், எது சரி?" என்ற கேள்விக்கு.

மிதவை எண்ணின் இலக்கப் பகுதிக்குத்தான் இந்த இரண்டு பெயரும் (இரண்டாவது significand). மாண்டிசா மடக்கை அட்டவணைக்குச் சொந்தமான சொல். 2-இன் மடக்கை 0.3010, 20-இன் மடக்கை 1.3010, 200-க்கு 2.3010. மாறாமல் நிற்கும் அந்த 3010-தான் மாண்டிசா. பள்ளியில் லாக் டேபிள் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கும். மிதவைப் புள்ளியிலும் 'மாறாத இலக்கங்கள், மாறும் அடுக்கு' என்ற ஒற்றுமை இருப்பதால் 1946 அறிக்கைக்காரர்களே அந்தச் சொல்லை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் இங்கே சேமிப்பது எண்ணின் இலக்கங்களை, அவற்றின் மடக்கையை அல்ல. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் ஐஇஇஇ தரநிலை சிக்னிஃபிகண்ட் என்கிறது. பேச்சில் மாண்டிசா சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எழுதும்போது சிக்னிஃபிகண்ட் என்றே எழுதுங்கள்.

பிப்ரவரி 10
இனி நான் நேரில் பார்த்த ஒன்று. பில்லிங் மென்பொருள்தான் என் பிழைப்பு. ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில்லில் ஒரு வரித்தொகை, மாதக் கடைசி அறிக்கையில் இன்னொரு வரித்தொகை, வித்தியாசம் ஒரு காசு. கடைக்காரர் நாணயமான மனிதர், ஒரு காசுக்காகப் பயந்தார். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது?

வெளிமாநிலத்துக்குப் போன சரக்கு, 53.50 ரூபாய், ஐஜிஎஸ்டி 5 சதவீதம். கையால் போட்டால் 2.675. இரண்டு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 2.68. பில்லில் 2.68 இருந்தது, அறிக்கையில் 2.67. நிரலைப் பிரித்துப் பார்த்தபோது பில் எழுதியவர் 53.5 × 0.05 என்றும், அறிக்கை எழுதியவர் 53.5 × 5 ÷ 100 என்றும் போட்டிருந்தார்கள். கணக்கு வாத்தியார் பார்வையில் இரண்டும் ஒன்றே. இருபது தசமம் வரை அச்சிட்டுப் பார்த்தேன்:

53.5 × 0.05 → 2.67500000000000026645
53.5 × 5 ÷ 100 → 2.67499999999999982236

இந்த இரண்டும் டபுளில் (64 பிட் மிதவை எண்) அடுத்தடுத்த எண்கள், நடுவே வேறு எதுவும் கிடையாது. உண்மையான 2.675 அந்த இடைவெளிக்குள் இருக்கிறது, அதைத் தொட முடியாது. முதல் வழியில் 0.05-ஏ ஒரு துளி கூடுதலாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் பெருக்கல் மேல் எண்ணில் போய் விழுகிறது. இரண்டாவது வழியில் 267.5 துல்லியமாக வந்து, நூறால் வகுத்தபின் மிக நெருங்கிய எண் எதுவோ அதில், அதாவது கீழ் எண்ணில், விழுகிறது. ஒன்று 2.68 ஆகிறது, மற்றது 2.67. கணினி இரண்டு முறையும் விதிப்படிதான் நடந்துகொண்டது.

எல்லாவற்றையும் காசாக மாற்றி முழு எண்ணில் வைத்தோம். 5350 காசு, வரி 5350 × 5 = 26750, நூறால் வகுத்து, மீதி 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்டு. 268. பில்லிலும் அறிக்கையிலும் அதே ஒரு சார்பு. அதற்கப்புறம் ஒரு காசு பேச்சே எழவில்லை.

பிப்ரவரி 12
"ஃபுளோட்டிங் பாயின்ட்டால்தான் ஏவுகணை தவறி ஆட்கள் செத்தார்கள்" என்று எழுதியவருக்கு. இதைப் பல இடத்தில் படிக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. செத்தவர்கள் உண்மை. காரணம்தான் வேறு.

1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் தடுப்பு ஏவுகணை அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக, முழு எண்ணில் எண்ணியது. அதை விநாடியாக்க 0.1-ஆல் பெருக்கினார்கள், அந்த 0.1 இருந்தது 24 பிட் நிலைப் புள்ளிப் பதிவகத்தில். வெட்டப்பட்ட பிழை ஒவ்வொரு பத்திலொரு விநாடிக்கும் சுமார் 0.000000095. கருவி 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. 36 லட்சம் பத்திலொரு விநாடிகள், பெருக்கிப் பாருங்கள், 0.34 விநாடி. ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். புள்ளி மிதக்கவில்லை, நிலையாகத்தான் இருந்தது.

வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு இன்னொன்று. 1982-ல் 1000-த்தில் தொடங்கி, சுமார் 22 மாதத்தில் 524.811 என்று காட்டியது. சரியாகக் கணக்கிட்டால் 1098.892. ஒவ்வொரு கணக்குக்கும் பின் மூன்றாவது தசமத்தோடு, அருகிலுள்ள எண்ணுக்கு மழுக்காமல், வெட்டிவிட்டார்கள். நாளுக்கு ஆயிரக்கணக்கான தடவை, எல்லாமே கீழ்நோக்கி. 1996 ஜூன் 4-ல் வெடித்த ஆரியான் 5 ராக்கெட்டும் இந்தப் பட்டியலில் வரும். அங்கே 64 பிட் மிதவை எண் தன் மதிப்பைச் சரியாகவே வைத்திருந்தது. 32767-க்கு மேல் போக முடியாத 16 பிட் முழு எண்ணில் அதைத் திணித்ததுதான் வினை.

பிப்ரவரி 13
வான் நாய்மன் வேண்டாம் என்றார் என்று மேலே ஒரு வரியில் முடித்திருந்தேன், அதை விரிக்க வேண்டும். அவர் பிடிவாதக்காரர் என்று சிலர் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். அவர்கள் திட்டமிட்ட நினைவகம் 40 பிட் கொண்ட 4096 சொற்கள்தான். அதில் ஒவ்வொரு எண்ணோடும் அடுக்கைச் சுமந்தால் அவ்வளவு இலக்கம் போய்விடும். தவிர, கணக்கைப் போடுபவர் தன் எண்கள் எந்த வரம்பில் ஓடும் என்று முன்கூட்டியே ஆராய நேரம் ஆகும்தான், ஆனால் கணக்கைத் தயார்செய்யும் மொத்த நேரத்தில் அது மிகச் சிறிய பங்கு என்பது அவர்கள் வாதம். யோசிக்க யோசிக்க அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. மேலே என் கடைக்கதையில் நாங்கள் கடைசியில் செய்ததும் அதுதான், வரம்பு தெரிந்த கணக்கு, நிலைப் புள்ளி.

ஆனால் கணினி முன் உட்கார்ந்த எல்லாருக்கும் அந்த ஆராய்ச்சிக்குப் பொழுது இல்லை. ஐபிஎம் 701 கணினியில் மிதவைக் கணக்கு கிடையாது. ஒவ்வொரு பெருக்கலுக்கும் புள்ளி எங்கே போகும் என்று தாளில் எழுதி, அளவு மாற்றி, நகர்த்தி, பொறியாளர்கள் சலித்துப்போனார்கள். ஐபிஎம்மில் இருந்த ஜான் பேக்கஸ் 1953-ல் ஸ்பீட்கோடிங் என்ற நிரல் வழியாக மிதவைக் கணக்கைக் கொடுத்தார். மெதுவாக ஓடினாலும் மனித உழைப்பு மிச்சமானது. 1954-ல் அறிவித்த ஐபிஎம் 704-ல் அது வன்பொருளுக்கே வந்துவிட்டது. அதன் மேல் 1957-ல் வந்த முதல் ஃபோர்ட்ரான் நிரல்மொழி முழு எண்களையே 'நிலைப் புள்ளி' எண்கள் என்று அழைத்தது. 'ஃபுளோட்டுக்கு எதிர் இன்ட்' என்ற பழக்கத்துக்கு இங்கே ஒரு வேர் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பிப்ரவரி 15
டபுள் என்றால் எதன் இரட்டிப்பு? இடத்தின் இரட்டிப்பு. 32 பிட்டுக்கு 64. துல்லியம் 24 பிட்டிலிருந்து 53-க்குப் போகிறது, இரண்டு மடங்குக்கும் கூட. சாதாரண ஃபுளோட்டில் 16777216-உடன் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், அதே 16777216 வரும். டபுளில் அந்த எல்லை 9007199254740992.

ஐஇஇஇ 754 வந்த 1985-ஐப் பற்றியும் இரண்டு வரி. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கணக்கு. ஐபிஎம் 360 பதினாறடிமானம் வைத்தது, அதில் 24 பிட் சில எண்களுக்கு 21 ஆகச் சுருங்கும். வேறு சில இயந்திரங்களில் ஒரு எண் ஒப்பிடும்போது சுழி இல்லை, வகுக்கும்போது சுழி! வகுக்கும் முன் 1.0-ஆல் பெருக்கிச் சோதிப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். பெர்க்லியின் வில்லியம் கஹான் இதையெல்லாம் ஒரே விதிக்குள் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் வாதாடினார். இன்டெல் 8087 சில்லு 1980-ல் வந்து, இது நடைமுறையில் சாத்தியம் என்று காட்டியது. 1989-ல் அவருக்கு டூரிங் விருது. மேலே சொன்ன கடையின் ஒரு காசுப் பிழையை எந்தக் கணினியில் ஓட்டினாலும் அதே இருபது தசமத்தோடு மறுபடி காண முடிவது அவரால்தான்.

பிப்ரவரி 15, இரவு
"டேட்டாபேசில் விலைக்கு என்ன வகை வைப்பது?" டெசிமல் வகை, அல்லது காசில் முழு எண். வெப்பநிலை, எடை, தூரம், அளந்து வருவது எதுவானாலும் டபுள் போதும், அளவுகோலின் பிழை அதைவிடப் பெரிது. இரண்டு டபுள்களைச் சமமா என்று நேரடியாகக் கேட்கும் வரி உங்கள் நிரலில் இருந்தால் அதை நாளைக்கே தேடிப் பாருங்கள்.